பரசுராமன் கை கழுவிய தண்ணீர்

அம்மா அந்தப் பாட்டிலைச் சாமி அறைக்குள் விடவில்லை.

ஒரு லிட்டர் பாட்டில். மூடியைச் சுற்றி டேப் ஒட்டி, இரண்டு பிளாஸ்டிக் பைகளுக்குள் போட்டு முடிந்து, பெட்டியில் புடவைகளுக்கு நடுவே படுக்கவைத்து, திப்ருகரில் விமானம் ஏறி, கொல்கத்தா, மும்பை என்று மாறி மாறி, ஒரு சொட்டுகூடச் சிந்தாமல் மொரீஷியஸ் வரை கொண்டுவந்து சேர்த்திருந்தேன். இந்தியாவின் வடகிழக்கு மூலையில், அருணாசலப் பிரதேசத்தில், லோஹித் ஆற்றில் இருக்கும் பரசுராம குண்டத்துத் தண்ணீர் அது. வெள்ளிக்கிழமை நம் கோயிலில் மாரியம்மனுக்கு நடக்கும் அபிஷேகத்தில் இதையும் சேர்க்கலாம் என்று நினைத்திருந்தேன். அம்மா பாட்டிலைக் கையில் வாங்கினார், எந்த ஆற்றுத் தண்ணீர் என்று கேட்டார், நான் சொன்னதை முழுக்கக் கேட்டுவிட்டு நேராக அடுப்பங்கரைக்குப் போய் ஜன்னல் ஓரத்தில் வைத்துவிட்டார். வீட்டில் எங்கள் பேச்சு பெரும்பாலும் கிரியோல்தான், பிரெஞ்சிலிருந்து கிளைத்த எங்கள் தீவு மொழி, அம்மாவும் கிரியோலில்தான் சொன்னார். தமிழில் சொன்னால் இப்படி வரும்: "பெத்தவளை வெட்டின கையைப் பிள்ளை கழுவின தண்ணி இது. இதைக் கொண்டுபோய் ஆத்தா தலையில ஊத்தச் சொல்றியா?"

எனக்குப் பதில் வரவில்லை. முப்பது வருஷம் பள்ளியில் தமிழ் சொல்லிக்கொடுத்திருக்கிறேன், ரேணுகை கதையை எத்தனையோ வகுப்பில் சொல்லியிருக்கிறேன், ஆனாலும் இந்தக் கேள்வி எனக்குத் தோன்றியதே இல்லை.

தண்ணீர் கொண்டுவருவது எங்கள் தீவில் புதிய பழக்கம் அல்ல. கங்கா தலாவ் என்று நாங்கள் சொல்லும் மலைமேல் ஏரி, எரிமலை வாயில் நிறைந்த தண்ணீர், அதில் 1972-இல் இந்தியாவிலிருந்து கங்கை நீரைக் கொண்டுவந்து கலந்தார்கள், மகா சிவராத்திரிக்கு லட்சக்கணக்கில் மக்கள் நடந்து போகிறார்கள். தமிழர்களாகிய எங்களுக்கும் தண்ணீர் இல்லாமல் எதுவும் தொடங்காது. காவடி எடுப்பதானாலும், கரகம் ஜோடிப்பதானாலும், தீமிதியானாலும், முதலில் எல்லோரும் ஆற்றங்கரைக்குத்தான் போகிறோம். அங்கே குளித்து, மஞ்சள் துணி கட்டி, பூசை போட்டு, அப்புறம்தான் கோயிலுக்கு ஊர்வலம். எந்த ஆறானாலும் அன்றைக்கு அது புண்ணிய ஆறுதான். அப்படி வளர்ந்தவளுக்கு ஆற்றுத் தண்ணீர் என்றாலே நல்லது என்ற எண்ணம் எப்போதும் உண்டு. அம்மாவுக்கு அப்படி இல்லை என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. யாருடைய கை பட்ட தண்ணீர் என்று அவர் பார்க்கிறார்.

கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும், இருந்தாலும் எங்கள் பக்கத்தில் சொல்கிறபடி சொல்கிறேன். ஜமதக்னி முனிவரின் மனைவி ரேணுகை. தினமும் ஆற்றுக்குப் போய், சுடாத பச்சை மண்ணிலேயே குடம் வனைந்து தண்ணீர் கொண்டுவருவாள், அவள் கற்பின் பலம் அப்படி. ஒரு நாள் மேலே பறந்துபோன கந்தர்வனின் நிழல் தண்ணீரில் விழுந்தது, அவள் ஒரு கணம் பார்த்துவிட்டாள், குடம் உடைந்துபோனது. முனிவருக்குக் கோபம். பிள்ளைகளைக் கூப்பிட்டு அம்மாவை வெட்டச் சொன்னார். மூத்தவர்கள் நாலு பேரும் முடியாது என்றார்கள், கடைசிப் பிள்ளை பரசுராமன் கோடரியை எடுத்தான். ரேணுகை ஓடிப்போய் ஊருக்கு வெளியே இருந்த ஒரு பெண்ணைக் கட்டிக்கொண்டாள். ஒரே வீச்சில் இரண்டு தலையும் விழுந்தன. சொன்னபடி செய்தாய், என்ன வரம் வேண்டும் என்று அப்பா கேட்க, அம்மாவைத் திருப்பிக் கொடுங்கள் என்றான். கொடுத்தார். ஆனால் அவசரத்தில் அவன் தலையையும் உடலையும் மாற்றி வைத்துவிட்டான். ரேணுகையின் தலையும் அந்த ஏழைப் பெண்ணின் உடலுமாக எழுந்தவள்தான் நம் மாரியம்மன்.

இதனால்தான் எத்தனையோ மாரியம்மன் கோயில்களில் தலையை மட்டும் வைத்துக் கும்பிடுகிறோம். திருவண்ணாமலை மாவட்டத்துப் படவேட்டில் ரேணுகாம்பாள் கருவறையிலும் அம்மனின் சிரசுதான் பிரதானம். இங்கே கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாக வந்த நம் முன்னோர்கள், 1834-க்குப் பிறகு கப்பல் கப்பலாக வந்தவர்கள், முகாம் ஓரத்தில் ஒரு கல்லை நட்டு மஞ்சள் பூசி முதலில் கும்பிட்டது இவளைத்தான். காய்ச்சல் கண்டால் இவள், மழை இல்லை என்றால் இவள், புயல் வந்தால் இவள். கதையை நாங்கள் எப்போதும் அம்மா பக்கத்திலிருந்தே பார்த்திருக்கிறோம். வெட்டியவன் அப்புறம் என்ன ஆனான் என்று எங்கள் ஊரில் யாரும் கேட்டதில்லை. கதை முடியும் இடத்தில் அவனை விட்டுவிடுவோம்.

பரசுராம குண்டம் அவன் பக்கத்துக் கதை. வெட்டிய கோடரி அவன் கையைவிட்டு வரவில்லை. அப்பா வரம் கொடுத்தார், அம்மா எழுந்துவிட்டாள், ஆனாலும் கோடரி கையோடு ஒட்டிக்கொண்டது. பெரியவர்கள் சொன்னபடி தீர்த்தம் தீர்த்தமாக அலைந்து, கடைசியில் மலைக்கு நடுவே இருந்த பிரம்ம குண்டத்தில் கையை நனைத்தபோதுதான் அது கழன்று விழுந்தது. கோடரியாலேயே மலையைப் பிளந்து அந்தத் தண்ணீரைச் சமவெளிக்கு இறக்கிவிட்டான், அதுதான் பிரம்மபுத்திரா என்று காளிகா புராணம் சொல்கிறது. லோஹித் என்றால் சிவப்பு. கழுவிய ரத்தத்தால் வந்த பேர் என்பார்கள்.

இந்த இடத்தைப் பற்றி முதலில் பேச்செடுத்தது தம்பிதான். அதை எழுதலாமா வேண்டாமா என்று யோசித்தேன். எழுது அக்கா என்று அவனே சொன்னதால் எழுதுகிறேன்.

அம்மாவின் அப்பா, எங்கள் தாத்தா, இரண்டு அர்ப்பான் கரும்பு நிலம் வைத்திருந்தார், ஏக்கர் கணக்கில் இரண்டுக்குக் கொஞ்சம் கூட. கூலியாக வந்த குடும்பம் மூன்று தலைமுறை உழைத்து வாங்கிய நிலம். பேரன் பேருக்கு எழுதிவைத்துவிட்டுப் போனார், ஆனால் வீட்டில் எல்லோருக்கும் அது அம்மாவின் நிலம்தான். எங்கள் அப்பா கடைசியாகப் படுத்தபோது கடன் இருந்தது. நிலத்தை விற்றுக் கடனை அடை, கடன்காரனாக என்னை அனுப்பாதே என்று பிள்ளைகளைக் கூப்பிட்டுச் சொன்னார். அக்காவும் நானும் வேண்டாம் என்றோம், வேறு வழி பார்க்கலாம் என்றோம். தம்பி அப்பா முகத்தைப் பார்த்தான், மறுநாள் நோட்டேரியிடம் போய்க் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தான். அப்பா அந்த மாதமே போய்விட்டார். அம்மா தம்பியைத் திட்டவில்லை, அழவில்லை. ஞாயிற்றுக்கிழமை அவன் வந்தால் இலை போட்டுச் சோறு போடுவார். பேசமாட்டார். மூன்று வருஷம் இப்படி.

அதனால் அவன் ஒரு நாள் போன் பண்ணி, அருணாசலத்தில் இப்படி ஒரு இடம் இருக்கிறதாம் அக்கா, போகலாமா என்று கேட்டபோது, ஏன் என்று நான் கேட்கவில்லை.

அந்த மாநிலத்துக்குப் போக இந்தியர்களுக்கே வெளி மாநிலத்தவர் என்றால் உள்கோட்டு அனுமதி வேண்டும். எங்களைப் போல வெளிநாட்டுக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்களுக்குப் பாதுகாக்கப்பட்ட பகுதி அனுமதி என்று தனியாக ஒன்று உண்டு, இரண்டு பேராவது சேர்ந்து, பதிவுபெற்ற பயண ஏற்பாட்டாளர் மூலம் விண்ணப்பிக்க வேண்டும். எல்லைப் பகுதி, அந்தப் பக்கம் திபெத், கிழக்கே பர்மா, அதனால் கவனமாக இருக்கிறார்கள், அதில் தப்பு சொல்ல ஒன்றுமில்லை. எங்களுக்குச் சிக்கல் வேறு இடத்தில் வந்தது. மொரீஷியஸில் தமிழ்ப் பெயர்களைப் பதிவு செய்தவர்கள் காதில் விழுந்தபடி பிரெஞ்சு எழுத்துக்கூட்டலில் எழுதிவைத்துவிட்டார்கள், ஒரே அப்பாவின் பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு மாதிரி. என் கடவுச்சீட்டில் அப்பா பேர் ஒரு விதம், தம்பியுடையதில் வேறு விதம். உடன்பிறந்தவர்கள் என்று போட்டிருந்த விண்ணப்பத்தைப் பார்த்து ஏற்பாட்டாளருக்கே சந்தேகம் வந்து இரண்டு வாரம் வைத்துக்கொண்டார். பிறப்புச் சான்றிதழ், அப்பாவின் இறப்புச் சான்றிதழ் எல்லாம் அனுப்பின பிறகுதான் நகர்ந்தது. அப்படிப் போகிறவர்கள் இதை முன்கூட்டியே சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

திப்ருகரிலிருந்து வண்டியில் தின்சுகியா வழியாகப் போனோம். வழி நெடுக அசாம் தேயிலைத் தோட்டங்கள், தொழிலாளர் வீடுகள் வரிசை வரிசையாக. எங்கிருந்தோ கொண்டுவரப்பட்ட மக்களின் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள். தம்பி கண்ணாடியில் சாய்ந்து பார்த்துக்கொண்டே, நம்ம முகாம் மாதிரியே இருக்கு என்றான். வேறொன்றும் பேசவில்லை. திராக் சோதனைச் சாவடியில் காகிதங்களைக் காட்டி அருணாசலத்துக்குள் நுழைந்தோம். அன்றிரவு நாம்சாயில் தங்கல். அங்கே காம்தி மக்களின் பெரிய பொன்னிறப் புத்த விகாரம் ஒன்று இருக்கிறது, 2010-இல் திறந்தது, பர்மா பாணிக் கோபுரங்கள். பார்த்தோம், நன்றாக இருந்தது, ஆனால் மனசு மறுநாள் மேலேயே இருந்தது. ஒரே இந்திய நேரம் என்பதால் அந்தக் கிழக்கு மூலையில் ஜனவரியில் சாயங்காலம் நாலரைக்கே சூரியன் இறங்கிவிடுகிறது. ஏழு மணிக்கு நடுநிசி மாதிரி இருந்தது. குளிரோ, மொரீஷியஸ்காரர்களான எங்களுக்கு அது குளிர் என்றே முதலில் புரியவில்லை, எலும்பு வலிப்பதாக நினைத்தேன்.

மறுநாள் மகர சங்கராந்தி. நமக்குப் பொங்கல். வாழ்க்கையில் முதல்முறையாகப் பொங்கல் அன்று பானை வைக்காமல் இருந்தேன், அது ஒரு மாதிரி உறுத்திக்கொண்டே இருந்தது. சங்கராந்திக்குத்தான் குண்டத்தில் பெரிய கூட்டம், 70,000 பேருக்கும் மேல் வருகிறார்கள், அசாம், பீகார், உத்தரப்பிரதேசம், நேபாளம் என்று எங்கெங்கிருந்தோ. அதனால் நடுராத்திரி தாண்டியதும் கிளம்பிவிட்டோம். சோங்காம், வாக்ரோ தாண்டிப் போகும் பாதை. இருட்டில் வண்டி விளக்குகள் மட்டும். கடைசிக் கொஞ்ச தூரம் நடைதான்.

விடியும் நேரத்தில் மேலிருந்து பார்த்த காட்சியை எப்படிச் சொல்வது? இரண்டு பக்கமும் காடு மூடிய மலை, மூங்கிலும் காட்டு வாழையும் மரப்பெரணியும் தண்ணீர்வரை இறங்கியிருக்கின்றன, பாதி மலை மஞ்சுக்குள். அந்த இடுக்கிலிருந்து லோஹித் வெளியே வருகிறது. சிவப்பு என்று பேர் வைத்த ஆறு பச்சையும் நீலமும் கலந்த நிறத்தில் இருந்தது, கல்லில் மோதும் இடத்தில் மட்டும் வெள்ளை. மலை இடுக்கில் குறுகி இரைந்து வந்த தண்ணீர், கீழே சமவெளி தொடங்கியதும் கல்லும் மணலுமாக அகலமாகப் பரந்து, இரைச்சல் இல்லாமல் போய்விடுகிறது. இரைச்சல் அடங்கும் அந்த எல்லையில்தான் குண்டம் இருக்கிறது. பக்கத்தில் ஆற்றின் குறுக்கே ஒரு பாலம். அதன்மேல் நின்று பார்த்தால் இரண்டு பக்கமும் தெரியும்.

குண்டம் என்றதும் நம் ஊர்த் தெப்பக்குளம் போலப் படிகட்டிய ஒன்றை நினைத்துக்கொண்டு போகாதீர்கள். பழைய குண்டம் இப்போது இல்லை. 1950 ஆகஸ்ட் 15, இந்தியா மூன்றாவது சுதந்திர ஆண்டுவிழா கொண்டாடிய நாள், ராத்திரி ஏழரை மணிக்குமேல் அந்த மலைகள் ஆடின. 8.6 அளவு, நிலத்துக்குள் நடந்த நிலநடுக்கங்களில் பதிவான மிகப் பெரியவற்றில் ஒன்று. மிஷ்மி மலைச் சரிவுகள் அப்படியே ஆற்றுக்குள் இறங்கின, ஆறுகள் அடைபட்டு, பிறகு உடைத்துக்கொண்டு பாய்ந்தன. பிரம்மபுத்திராவின் படுகையே உயர்ந்துபோனது. சாதுக்கள் பூசை செய்துவந்த குண்டத்தின்மேல் இப்போது ஆறு வேகமாக ஓடுகிறது. அதே ஆறு உருட்டிக்கொண்டுவந்த பெரும் பாறைகள் வட்டம்போல நின்று புதிதாக ஒரு தேக்கத்தை உண்டாக்கிவிட்டன. அதைத்தான் மக்கள் குண்டம் என்று கும்பிடுகிறார்கள். பழசு போய்விட்டதே என்று யாரும் வருகிறதை நிறுத்தவில்லை. ஆறு ஒன்றை அழித்து ஒன்றைத் தந்திருக்கிறது, அதையே ஏற்றுக்கொண்டுவிட்டார்கள். எனக்கு அது ரொம்பப் பிடித்திருந்தது.

படிகள் செங்குத்து, பனியில் ஈரம். எனக்கு முழங்கால் வலி உண்டு. முன்னால் போன தம்பியைக் கூட்டம் தள்ளிக்கொண்டு போய்விட்டது. பக்கத்தில் வந்த ஒரு அம்மாள், என்னைவிட வயதானவர், கைத்தடி ஊன்றியவர், மறுகையை என்னிடம் நீட்டினார். அவர் தன் மருமகளிடம் பேசியது காதில் விழுந்ததும் எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. போஜ்புரி! மொரீஷியஸில் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளோடு விளையாடி வந்த போஜ்புரி எனக்குக் கொஞ்சம் உண்டு, அம்மா என்னைவிட நன்றாகவே பேசுவார். நான் வாயைத் திறந்து நாலு வார்த்தை சொன்னதும் அந்த அம்மாள் படியிலேயே நின்றுவிட்டார். பழைய காலத்துப் பேச்சாக இருக்கிறதே, எந்த ஊர் என்று கேட்டார். அவர் சப்ரா பக்கம், பீகார். எங்கள் தீவுக்கு அந்தக் காலத்தில் கப்பலேறியவர்களில் நிறையப் பேர் அந்தப் பக்கத்தவர்கள். அதைச் சொன்னதும் என் கையை விடவேயில்லை.

கீழே உட்கார்ந்து மூச்சு வாங்கும்போது அவரிடம் எங்கள் கதையைச் சொன்னேன், தலை மாறிய கதையை. அவர் கேள்விப்பட்டதே இல்லை. அவருக்குப் பரசுராமர் பகவான், விஷ்ணுவின் ஆறாவது அவதாரம், அப்பா சொல் தட்டாத பிள்ளை. ரேணுகை அவருக்கு அந்தப் பகவானின் அம்மா, அவ்வளவுதான். எங்கள் ஊரில் அவரை யாரும் கும்பிடுவதில்லை, அந்த அம்மாவைத்தான் கும்பிடுகிறோம், அம்மை போட்டால் அவள், மழைக்கு அவள் என்றேன். கொஞ்ச நேரம் ஆற்றையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் கேட்டார், "அந்த இன்னொரு பெண்? உடம்பு கொடுத்தாளே, அவள் பிள்ளைகளுக்கு அவள் திரும்பக் கிடைத்தாளா?"

முப்பது வருஷத்தில் எந்த மாணவனும் இதைக் கேட்கவில்லை. எல்லம்மா என்று அவளையும் கும்பிடுகிறார்கள் என்று சொன்னேன். அது பதில் இல்லை என்று எனக்கே தெரிந்தது.

தண்ணீரில் இறங்கினோம். பனி உருகி வருகிற தண்ணீர். கால் வைத்ததும் பாதம் இருப்பதே தெரியவில்லை. இழுப்பு பலமாக இருப்பதால் ஓரத்திலேயே கயிறு கட்டி, அதற்குமேல் போகவிடாமல் ஆள் நிறுத்தியிருந்தார்கள். நான் மூன்று முங்கு போட்டுவிட்டு வெளியே வந்துவிட்டேன். தம்பி வரவில்லை. இடுப்பளவு தண்ணீரில் குனிந்து, இரண்டு கையையும் முழங்கைவரை தண்ணீருக்குள் வைத்துக்கொண்டு நின்றான். முங்கவில்லை, மந்திரம் எதுவும் சொன்னதாகத் தெரியவில்லை. பின்னால் இருந்தவர்கள் நகரச் சொன்னார்கள், ஒரு சாது அவர்களைக் கைகாட்டிப் பொறுக்கச் சொன்னார். எத்தனை நிமிஷம் என்று நான் பார்க்கவில்லை. வெளியே வந்தபோது உதடு நீலம், விரல்கள் விறைத்துப்போய்ச் சட்டைப் பொத்தானைப் போட முடியவில்லை. சின்ன வயதில் பள்ளிக்கூடம் கிளப்பிவிடுகிற மாதிரி நான்தான் ஒவ்வொன்றாகப் போட்டுவிட்டேன். கழுத்துப் பொத்தானைப் போடும்போது, "அக்கா, அப்பா கேட்டாரேன்னு செஞ்சேன், அம்மாகிட்ட ஒரு வார்த்தை கேக்கல" என்றான். சரி, வா, சூடா ஏதாவது குடிக்கலாம் என்றேன்.

மேலே பாதையோரம் அந்த மலைகளின் பழங்குடியான மிஷ்மிப் பெண்கள் ஆரஞ்சு விற்றார்கள். வாக்ரோ பக்கத்து ஆரஞ்சுக்கு அங்கே பெரிய பேர். கறுப்பும் சிவப்புமாக நெய்த பாவாடை, கழுத்தில் மணிமாலை. ஒருத்தி தம்பியின் கையைப் பார்த்துவிட்டு, தானே தோலை உரித்து, சுளை சுளையாகப் பிரித்து, வெள்ளை நாரைக்கூட எடுத்துவிட்டு அவன் உள்ளங்கையில் வைத்தாள். காசு கொடுத்ததில் அந்த ஒரு பழத்துக்கானதைத் திருப்பிக் கொடுத்துவிட்டாள். பொங்கலன்று நாங்கள் சாப்பிட்ட முதல் இனிப்பு அதுதான்.

அங்கிருந்து ஆற்றை ஒட்டியே மலைக்குள் போனால் ஹாயுலியாங், வாலோங், அப்புறம் கிபிதூ. 1962 போரில் வாலோங்கில் நடந்த சண்டையை எங்கள் ஓட்டுநர் தன் தாத்தா சொன்னதாக வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தார். திபெத்தில் சாயுல் என்ற பேரில் ஓடிவரும் இந்த ஆறு அந்த எல்லை வழியாகத்தான் உள்ளே வருகிறது. எங்கள் அனுமதியில் அந்த ஊர்கள் இல்லை, அதனால் போகவில்லை. ராணுவ லாரிகள் மட்டும் ஒன்றன்பின் ஒன்றாக அந்தப் பக்கம் போய்க்கொண்டிருந்தன. திரும்பும்போது சதியா வழியாக வந்தோம், லோஹித்தின்மேல் 2017-இல் திறந்த 9.15 கிலோமீட்டர் நீளப் பாலத்தில். காலையில் அத்தனை குறுகலாகப் பார்த்த ஆறு அங்கே கரை தெரியாமல் கிடந்தது. அதன் பக்கத்தில்தான் சியாங்கும் திபாங்கும் இதோடு கலந்து பிரம்மபுத்திரா ஆகிறது. நான் பாட்டிலை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

ஊருக்கு வந்து, அம்மா கேட்ட கேள்விக்கு அப்புறம், நான் கொஞ்சம் தேடிப் படித்தேன். பரசுராமன் கை கழுவிய இடம் அது ஒன்று மட்டும் இல்லை. கர்நாடகத்தில் துங்கை ஆற்றங்கரையில் தீர்த்தஹள்ளி இருக்கிறது, கோடரியில் எள்ளளவு கறை மட்டும் எந்தத் தண்ணீரிலும் போகாமல் அங்கே போனது என்று சொல்லி, எள் அமாவாசை என்றே விழா எடுக்கிறார்கள். ராஜஸ்தானத்தில் மாத்ருகுண்டியா, பேரிலேயே தாய் இருக்கிறாள். ஒரு கையைக் கழுவ இத்தனை ஆறு தேவைப்பட்டிருக்கிறது. எந்த ஊர்தான் நிஜம் என்ற வாதத்தில் எனக்கு ஆர்வமில்லை. தேசம் முழுக்க மக்கள் அவனைத் தண்ணீர் தண்ணீராக நடக்கவைத்திருக்கிறார்கள். அப்பா சொன்னார், செய்தான், அப்பாவே மன்னித்துவிட்டார் என்று யாரும் கதையை அதோடு முடிக்கவில்லை.

மகாபாரதத்தில் வனபர்வத்தில் ஒரு வரி என்னைப் பிடித்துக்கொண்டது. அங்கே தலை மாறும் கதை இல்லை. அம்மா உயிரோடு எழவேண்டும் என்று கேட்ட பரசுராமன், கூடவே இன்னொன்றும் கேட்கிறான்: தான் கொல்லப்பட்டது அவளுக்கு நினைவில் இருக்கக்கூடாது. அதுவும் கிடைக்கிறது. தூங்கி எழுந்தவள்போல ரேணுகை எழுந்து வேலையைப் பார்க்கப் போயிருப்பாள். அவன் கையில் மட்டும் கோடரி.

இதை அம்மாவிடம் சொன்னேன். காவடி விரதம் நடந்துகொண்டிருந்த நாட்கள், அம்மா முருங்கைக் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். நிமிர்ந்து பார்க்காமல், "மறந்திருக்கமாட்டா" என்றார். "பிள்ளை கஷ்டப்படறான்னு மறந்த மாதிரி இருந்திருப்பா." காம்பைக் கிள்ளி ஒரு பக்கம் போட்டார், இலையை ஒரு பக்கம் போட்டார். அவன் அங்கே தண்ணீரில் நின்றானா என்று கேட்டார். நின்றான் என்றேன். எவ்வளவு நேரம் என்றார். கை விறைக்கிறவரை என்றேன். பொத்தான் போட்டுவிட்டதையும் சொன்னேன், அவன் சொன்ன அந்த ஒரு வாக்கியத்தையும் சொன்னேன். அம்மா கீரையை அலசப் போய்விட்டார்.

பாட்டில் ஜன்னலிலேயே இருந்தது. தைப்பூசம் வந்துபோனது. பக்கத்து வீட்டார் கேட்டார்கள், கோயில் ஐயர்கூடத் தாராளமாகக் கொண்டுவாருங்கள், தீர்த்தம் தீர்த்தம்தான் என்றார். அம்மா கொடுக்கவில்லை, நானும் அதற்குமேல் வற்புறுத்தவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை தம்பி வந்தான். வழக்கம்போல வாசலில் செருப்பை விட்டுவிட்டு உள்ளே வரப்போனவனை அம்மா அங்கேயே நிறுத்தினார். அடுப்பங்கரைக்குப் போய்ப் பாட்டிலை எடுத்துவந்தார். டேப்பை நகத்தால் கீறிப் பிரிக்க நேரமானது, நான் உதவப் போனேன், வேண்டாம் என்று தலையாட்டினார். அவனைக் கையை நீட்டச் சொன்னார். வாசல் குழாயடியில், செம்பருத்திச் செடிக்குப் பக்கத்தில், அவன் இரண்டு கையையும் சேர்த்து நீட்ட, அம்மா மெல்ல மெல்ல ஊற்றினார். ஒரு லிட்டர்தான், ஆனால் ரொம்ப நேரம் வந்தது. கடைசிச் சொட்டுவரை ஊற்றிவிட்டுப் பாட்டிலை உதறினார். முந்தானையை எடுத்து அவன் கையைத் துடைத்துவிட்டு, "உள்ள வா, ரசம் ஆறுது" என்றார்.